ஜோதி திறக்காத கதவு

நாலு நாளாக ஜோதிலட்சுமியிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். “ஏம்மா வழியைத் திறந்துவிட்டே?”

திறக்கவில்லை என்று அவளும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். கணவனிடம் சொன்னாள், மாமியாரிடம் சொன்னாள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பி ஆலையில் வாயால் சொன்னது போதாதென்று எழுதியும் கொடுத்தாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் அதையே கேட்டார்கள். படித்த பெண் தப்பு செய்துவிட்டாள் என்றால் ஊருக்கு அதில் ஒரு தனி ருசி.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை பகல் ஷிஃப்டில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் உலையில் தீயைக் குறைத்து வைத்திருந்தார்கள். யேசுதாஸ் என்கிற தொழிலாளி உலையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத் தீ குபீரென்று ஏறியது. கதவு வழியே வெளியே வந்த நெருப்பு அவன் வலது கையையும் கழுத்தையும் பிடித்துவிட்டது. சென்னையில் தீக்காய வார்டில் கிடக்கிறான்.

அந்தத் தீயை ஏற்றி இறக்குவது உலை அறையில் இருக்கும் கணினி. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அன்புராஜ் அன்றைக்கே சாட்சி சொல்லிவிட்டார். “நான் கையே வெக்கல சார். ஸ்க்ரீன்ல மவுஸ் அம்பு தானா நகர்ந்துச்சு. எவனோ வெளியே இருந்து பூந்துட்டான்.”

வெளியே இருந்து புகுந்தான் என்றால் வழி வேண்டுமே. ஆலையின் கணினிகளை எல்லாம் பார்த்துக்கொள்பவள் ஜோதி. இணையம் உள்ளே வரும் ரௌட்டரின் பாஸ்வேர்டு அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. எனவே அவள்தான் திறந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, திங்கட்கிழமை விசாரணை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, கேண்டீன் வாசலில்.

இதில் அன்புராஜ் யாரோ எவரோ இல்லை. ஜோதியின் கணவன் மோகன்ராஜுக்கு உடன்பிறந்த அண்ணன். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஜோதி அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

இன்றைக்குத் திங்கட்கிழமை.

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு போ” என்று மோகன்ராஜ் ஒரு தாளை நீட்டினான். அவனே உட்கார்ந்து எழுதியிருந்தான். கவனக்குறைவால் நடந்த தவறு, பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும் என்று.

ஜோதி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “செய்யாததுக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு?”

“மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எழுதினா இன்னா கொறைஞ்சா பூடுவே? வேலையாவது நிக்கும்.”

“யேசுதாஸ் கை வெந்தது நெசம். அந்தப் பழியை நானே எழுதி வாங்கிக்கணுமா? நாளைக்கு எவன் எனக்கு வேலை குடுப்பான்? ‘இவதான் ஆளை எரிச்சவ’ன்னு சொல்ல மாட்டான்?”

மோகன்ராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். “அந்த உலை ரூம் கம்ப்யூட்டரை இது வரைக்கும் யாருனா தொறந்து பாத்தாங்களா?”

“எவனும் பார்க்கல. ரௌட்டர் பாஸ்வேர்டை மாத்திட்டாங்களாம், இனிமே பயமில்லன்னு மறுநாளே உலையை எரிய உட்டாங்க. இன்னிக்கு என் கண்ணு முன்னால தொறக்கச் சொல்லப் போறேன்.”

“உனக்கு எதுக்கு அதெல்லாம்? நோண்டிக்கினே போனா போலீசு, கேசுன்னு ஆயிடும். பேஜாரு. கையெழுத்துப் போட்டமா வந்தமான்னு இரு.”

காட்டுப்பள்ளியில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் அவனுக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. வேன் ஹாரன் கேட்டதும் தாளை அவள் கைப்பையில் அவனே செருகிவிட்டுப் போய்விட்டான். ஒரு வார்த்தை, ‘நான் உன்னை நம்பறேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லுவான் என்று ஜோதி நாலு நாளாகக் காத்திருந்தாள். இன்றைக்கும் அது வரவில்லை.

மாமியார் ஈஸ்வரி தட்டில் இட்லியை வைத்தாள். கூடம் முழுக்க நெல் மூட்டை. நடக்கவே இடமில்லை.

“நாஷ்டா துன்னுட்டுப் போம்மா. பெரியவன்தான் கூட வரானே, அவன் பார்த்துப் பேசுவான். ஊட்டுக்கு ஒரு ஆம்பள தூணு மாதிரி நிக்கறான். வியாயக்கெயம பாரு, மிஷின்காரன் சொல்லாம கொள்ளாம காலைலயே வயல்ல வந்து எறங்கிட்டான். அன்பு மட்டும் நின்னு அறுக்கலைன்னா பாதி நெல்லு சேத்துலதான் போயிருக்கும்.”

ஜோதி காதில் அது விழுந்தது. ஆனால் மனது முழுக்க அந்தத் தாள்தான் இருந்தது. ஆத்திரத்தில் இருக்கிறவளுக்கு நெல் எப்போது அறுத்தால் என்ன? இரண்டு வாய் பிய்த்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்புராஜ் தன் வண்டியில் ஏறச் சொன்னார். “வேணாம் மாமா, நான் ஆட்டோல வரேன்” என்றாள். விசாரணைக்குப் போகிறவளும் சாட்சியும் ஒரே வண்டியில் போய் இறங்கினால் அதற்கும் நாலு பேர் நாலு பேசுவார்கள்.

ஆலை வாசலில் செக்யூரிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் மோனிகா உட்கார்ந்திருந்தாள். யேசுதாஸின் மனைவி. மடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற கூடை. ஜோதியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“நீதானே அது?”

ஜோதி நின்றாள்.

“உம் மூஞ்சியப் பார்க்கணும்னுதான் வந்தேன். அவரு கை வெரலு அஞ்சும் ஒட்டிக்கினு கீது. பிரிச்சு எடுக்கணும்ன்றாங்க. நீ ஏசி ரூம்ல குந்திக்கினு எவனுக்கோ வழி வுடுவே, எங்க ஊட்டுல வேகணும்?”

“அக்கா, நான் வுடல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க.” மோனிகா மறுபடி உட்கார்ந்துகொண்டாள். “போ. போய் உள்ள இன்னா சொல்றாங்களோ கேட்டுக்கினு வா. நான் இங்கதான் இருப்பேன்.”

அவள் மேல் ஜோதிக்குக் கோபம் வரவில்லை. அவளிடம் போய்த் தன் பெயரைச் சொல்லிவிட்டு வந்த கூட்டத்தின் மேல்தான் வந்தது. யேசுதாஸ் கண் விழிப்பதற்கு முன்பே அவன் பெண்டாட்டிக்கு எதிரி யார் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

விசாரணையை உலை அறையிலேயே வைத்திருந்தார்கள். அம்பு எப்படித் தானாக நகர்ந்தது என்று அன்புராஜ் காட்ட வேண்டுமாம். உலையில் தீயைத் தணித்து ஆட்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். நிர்வாக மேலாளர் ஸ்ரீராமன் மடிக்கணினியோடு வந்தார். திருவள்ளூர்க்காரர். நெற்றியில் மெல்லிதாகச் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு. குரலை உயர்த்தாமலே ஆளை வேலையை விட்டு அனுப்பக்கூடியவர்.

“போனையெல்லாம் இந்த மேஜை மேலே வைச்சுடுங்கோ. யாரும் ரெக்கார்டு பண்ணப்படாது. கால் வந்தா எடுக்கவேண்டாம். அவசரம்னா ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்கோ.”

மூன்று போன்களும் கீபோர்டுக்குப் பக்கத்தில் வரிசையாகப் படுத்துக்கொண்டன.

“மன்னிப்புக் கடிதம் கொண்டு வந்திருக்கேளாமே. அன்புராஜ் சொன்னார்.”

ஜோதி திரும்பி அன்புராஜைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என் கடுதாசி இல்ல சார். முதல்ல ரௌட்டர் பக்கத்தைத் திறங்க. புது பாஸ்வேர்டு உங்ககிட்டதான் இருக்கு. அதுல போர்ட் ஃபார்வர்டிங்னு ஒரு இடம் இருக்கும். வெளியே இருந்து வர்றவனை உள்ளே எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பணும்னு எழுதற இடம். நான் வழி திறந்திருந்தா அங்கதான் எழுதியிருக்கணும்.”

ஸ்ரீராமன் தேடித் திறந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “காலியா இருக்கே.”

“அழிச்சிருப்பாளோ இன்னாவோ” என்றார் அன்புராஜ். கூரையைப் பார்த்தபடியே.

இந்த மனிதருக்குத்தான் அவள் மூன்று வருஷமாகச் சோறு போட்டிருக்கிறாள்.

“அழிச்சா அழிச்ச தேதி கீழே நிக்கும் மாமா. பாருங்க சார். ரௌட்டரை வாங்கி மாட்டின நாள்லேர்ந்து அந்தப் பக்கத்தை ஒருத்தரும் தொட்டதே இல்ல.”

“அப்போ அவன் எப்படிம்மா உள்ளே வந்தான்?”

“யாரும் உள்ளே வரல. உள்ள இருந்துதான் வெளியே போயிருக்கு.”

ஸ்ரீராமனுக்குப் புரியவில்லை. ஜோதி மூச்சு வாங்கிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள்.

“நம்ம கேட்டுல செக்யூரிட்டி யாரை நிறுத்தறாரு? உள்ளே வர்றவனை. டீ குடிக்க வெளியே போறவனை நிறுத்தறாரா? ரௌட்டர்ல இருக்கிற ஃபயர்வாலும் அதே மாதிரிதான். இப்ப வர்ற சில புரோகிராமு இருக்கு, அதை ஒரு கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு தடவை போட்டுட்டா போதும். அது தானே வெளியே போயி, எங்கேயோ இருக்கிற ஒரு சர்வர்கிட்ட ‘நான் இங்க கீறேன்’னு சொல்லிக்கினே இருக்கும். அந்தப் பக்கம் ஒருத்தன் போனைத் திறந்து அதே சர்வருக்குப் போவான். அது ரெண்டு பேரையும் சேத்து வெச்சிடும். அவன் உலகத்துல எங்க குந்திக்கினு இருந்தாலும் இந்த ஸ்க்ரீன் அவன் கையில இருக்கும். ரௌட்டர்ல ஒரு கதவும் திறக்க வேணாம். பாஸ்வேர்டும் வேணாம். ஃபயர்வாலுக்கு அது டீ குடிக்கப் போற ஆளு மாதிரிதான் தெரியும்.”

“நம்ம ஃபயர்வாலால அதைத் தடுக்க முடியாதா?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் நாலு நாளாகத் தூங்காமல் இருந்தாள்.

“முடியும் சார். உலை ரூம் கம்ப்யூட்டரு வெளியே யார்கிட்டயும் பேசக்கூடாது, பூட்டிடலாம்னு போன வருஷமே உங்களுக்கு மெயில் போட்டேன். ரெண்டு தடவை. இன்னிக்கு எத்தனை டன்னு ஓடுதுன்னு முதலாளி வீட்டுல இருந்தே போன்ல பார்க்கணும், அதனால திறந்தே இருக்கட்டும்னு எழுதினது நீங்கதான்.”

ஸ்ரீராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

“ரௌட்டர் பாஸ்வேர்டை மாத்திட்டு உலையைக் கொளுத்திட்டீங்க. அந்த வழி இன்னி வரைக்கும் அப்படியே இருக்கு சார். இந்த நாலு நாள்ல இன்னொருத்தன் வெந்திருந்தா அதுக்கும் என் பேரைத்தான் ஒட்டியிருப்பீங்க.”

உலை அறைக் கணினி வெளியே யாரோடு பேசுகிறது என்ற பதிவைத் திறக்கச் சொன்னாள். ஸ்ரீராமன் திறந்தார். ஒரே முகவரிக்கு ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. பக்கம் பக்கமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். தை, மார்கழி, கார்த்திகை என்று போய் ஒரு தேதியில் நின்றது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

அந்தத் தேதியை ஜோதி மறந்திருக்க முடியாது. ஆயுத பூஜை.

அன்றைக்கு ஆலையே திருவிழா மாதிரி இருக்கும். உலையை அணைத்துக் கழுவி, கோலம் போட்டு, வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்கள் எல்லாரையும் உள்ளே விடுவார்கள். கிரேனுக்கு மாலை, லாரிக்குப் பூசணிக்காய். உலை அறைக் கணினிக்குச் சந்தனம் பொட்டு வைத்தது ஜோதிதான். அணைந்து கிடக்கிற கருவிக்குப் பூஜை செய்வது லட்சணமில்லை என்று, தன்னுடைய பாஸ்வேர்டைப் போட்டு அவளே திறந்து, திரை நிறைய பிள்ளையார் சுழி போட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. தொட மாட்டார்கள். அரிவாளை வைத்தால் தொடுவார்களா? புத்தகத்தை வைத்தால் தொடுவார்களா? அந்த நம்பிக்கையில், எல்லாப் பூட்டும் திறந்த கணினியை மாலைக்குக் கீழே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வருஷம் முழுக்கப் பூட்டிப் பூட்டிக் காத்த கணினியை அந்த ஒரு நாள் சாமிக்கு முன்னால் திறந்து வைத்தாள். பிள்ளையார் சுழிக்குப் பின்னால் எவனோ கை வைத்திருக்கிறான். பூஜையில் இருந்த பொருளின் மேல்.

“அன்னிக்கு ஊரே உள்ள வந்துச்சு சார்” என்றார் அன்புராஜ் அவசரமாக. “எவன்னு கண்டோம்? வுடுங்க. ஜோதி கடுதாசி குடுக்கட்டும், முடிச்சுக்கலாம்.”

ஏன் இவருக்கு இவ்வளவு அவசரம்? அப்போதுதான், காலையில் இட்லியோடு சேர்த்து மாமியார் பரிமாறிய வார்த்தை ஜோதிக்குத் திரும்பி வந்தது.

“மாமா, வியாயக்கெயம அறுப்பு மெஷினு காலைல வந்துச்சாமே. வயல்ல நீங்கதான் நின்னீங்களாமே.”

அன்புராஜ் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். “யாரு சொன்னது?”

“அத்தைதான். வியாயக்கெயம பகல்ல நீங்க இந்த நாற்காலியில இருந்ததா எழுதிக் குடுத்திருக்கீங்க. அம்பு தானா நகர்ந்ததைப் பார்த்தேன்னு சொல்லியிருக்கீங்க. எந்த எடத்துல இருந்து பார்த்தீங்க?”

“அம்மாக்கு வயசாச்சு. கெயமை மறந்து பேசுது. நான் இங்கதான் இருந்தேன்.” அவர் ஸ்ரீராமனைப் பார்த்தார். “சார், ஊட்டுச் சண்டையை இங்க இஸ்துக்கினு வரா.”

“அன்புராஜ், அன்னிக்கு நீங்க சீட்ல இருந்தேளா இல்லையா?”

“இருந்தேன் சார்.”

ஜோதி கணினி முன்னால் உட்கார்ந்தாள். தன்னுடைய பாஸ்வேர்டைப் போட்டாள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்த சின்னப் படத்தைக் கண்டுபிடித்து அழுத்தினாள். அந்தப் புரோகிராம் திறந்தது. ஒரு கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று போட்டிருந்தது. யாருடையது என்று பெயர் இல்லை.

“பேரைக் காட்டாது சார். ஆனா இதுல பாஸ்வேர்டை மாத்தினா, இத்த வெச்சவன் போனுக்கு உடனே தகவல் போகும். ‘யாரோ மாத்திட்டாங்க, நீங்கதானா’ன்னு. இப்ப மாத்தறேன்.”

“வாணாம் ஜோதி” என்றார் அன்புராஜ்.

அவர் குரலில் அப்படி ஒரு கெஞ்சலை அவள் கேட்டதே இல்லை. ஆள் யார் என்று தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். வருத்தமாகக்கூட இல்லை, எரிச்சலாக இருந்தது. சாமிக்கு வைத்ததில் கை வைத்து, நெல் அறுக்க ஓடி, ஒருத்தன் கையைப் பொசுக்கி, அந்தப் பழியைச் சொந்தத் தம்பி பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு, தினமும் அவள் கையாலேயே சாப்பிட்டு எழுந்திருக்கிறார்.

மாற்றினாள். பட்டனை அழுத்தினாள்.

மூன்று பேரும் மேஜை மேல் இருந்த அன்புராஜின் போனையே பார்த்தார்கள்.

அது ஒன்றும் சொல்லவில்லை. திரை கறுப்பாகவே கிடந்தது. அன்புராஜ் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. “பார்த்தியா? என் மேலயா சந்தேகப்பட்டே?”

ஸ்ரீராமன் பெருமூச்சு விட்டார். “என்னம்மா இது?”

அப்போது ஜோதியின் போன் அதிர்ந்தது. திரையில் கணவனின் பெயர். கையெழுத்துப் போட்டாயா என்று கேட்கக் கூப்பிடுகிறான், வேறென்ன. அவள் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நின்ற வேகத்தில் மூன்றாவது தடவை அதிர்ந்தது.

“அவசரம்போல இருக்கு. ஸ்பீக்கர்ல போடுங்கோ” என்றார் ஸ்ரீராமன்.

போட்டாள்.

“ஜோதி, நீ அதுல பாஸ்வேர்டை மாத்தினியா? இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. அத்த அப்படியே உட்டுட்டு எந்திரி. நான் சொன்ன மாதிரி கையெழுத்துப் போட்டுட்டு வா. கேக்குதா?”

ஜோதி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏதோ தெரியாத மொழியில் பேசுவது போல இருந்தது.

“எதுல?” என்றாள்.

அந்தப் பக்கம் வெல்டிங் சத்தம் மட்டும் வந்தது.

“எதுல பாஸ்வேர்டை மாத்தினேன்? உங்களுக்கு இன்னாத்துக்கு மெசேஜ் வருது?”

“அண்ணன் பக்கத்துல கீறாரா?”

“மோகனு, போனை வையிடா” என்று அன்புராஜ் கத்தினார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயுத பூஜை சாயங்காலம், இதே அறையில், ‘நீ போய் பொரி வாங்கிக்கினு வா, நான் இங்கியே நிக்கறேன்’ என்று மோகன்ராஜ் சொன்னது ஜோதிக்கு நினைவு வந்தது. அவள் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். நல்ல மனைவியாக, சிரித்துக்கொண்டே.

“சொல்லுங்க” என்றாள். “இங்க மேனேஜரும் கீறாரு. சொல்லுங்க.”

மோகன்ராஜ் சொல்லத் தொடங்கினான். “நாத்து நடவு, உரம், மழைத் தண்ணி வடிய உடறதுன்னு அண்ணன் ஷிஃப்டு நடுவுல வயலுக்குப் போவ வேண்டியிருந்துச்சு. வயல்ல இருந்தே உலையைப் பார்த்துக்கற மாதிரி பண்ணிக் குடுன்னாரு. உன் லேப்டாப்புல இது மாதிரி ஒண்ணு நீ வெச்சிருந்ததைப் பார்த்துத்தான் போடக் கத்துக்கினேன். வியாயக்கெயம வயல்ல நெட்டு கெடைக்கல. பேச மட்டும்தான் முடிஞ்சுது. உலை ஆறிப் போவுது, நீ கொஞ்சம் ஏத்துன்னு எனக்குப் போன் பண்ணாரு. அங்க கதவு திறந்து கீதுன்னு எனக்கு எப்படித் தெரியும் ஜோதி? ஸ்க்ரீன்ல கதவு தெரியாதே.”

ஸ்க்ரீனில் கதவு தெரியாது. யேசுதாஸும் தெரியவில்லை. தான் சோறு ஆக்கிப் போட்ட வீட்டில் தானும் இவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று ஜோதிக்குப் பட்டது.

“வியாயக்கெயமலேர்ந்து உங்களுக்குத் தெரியும்.”

“அண்ணன் போனுல இருந்து அந்தப் புரோகிராமை அன்னிக்கே எடுத்துட்டோம். கம்ப்யூட்டர்ல இருந்து எடுக்கறதுக்குத்தான் உன் பாஸ்வேர்டு...”

“நான் அத்த கேக்கல. நான்தான் எரிச்சேன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. ராத்திரியெல்லாம் உங்க பக்கத்துல குந்திக்கினு அழுதேன். நீங்க எனக்கு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்தீங்க. உங்க தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்கறதுக்கு, உங்க கையாலயே.”

“உனக்குன்னா வேலை மட்டுந்தான் போவும் ஜோதி. எங்களுக்குன்னா ஜெயிலு. நான் யோசிச்சுப் பார்த்துத்தான்...”

அவள் அழைப்பைத் துண்டித்தாள். யோசித்துப் பார்த்தானாம். யாரைக் கொடுத்தால் நஷ்டம் குறைவு என்று யோசித்திருக்கிறான்.

அன்புராஜ் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீராமன் மடிக்கணினியை ஓசையில்லாமல் மூடினார். இந்த மாதிரி நேரத்தில் மேலாளர்களுக்கு மூளை மிக வேகமாக வேலை செய்யும்.

“இதோ பாருங்கோ. இது உங்க குடும்பத்துக்குள்ளே நடந்துபோன விஷயம். நோட்டீஸை இப்பவே எடுத்துடறேன். நாளைக்கே வேலைக்கு வந்துடலாம். உங்க மெயில் விஷயமும் எதுக்கு வெளியே போகணும்? இயந்திரக் கோளாறுன்னு எழுதிடுவோம். யாருக்கும் கெட்ட பேர் இல்லை.”

“யேசுதாஸுக்கு யாரு சார் சொல்றது?”

“அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்.”

“நீங்க பார்த்துக்கினதை நாலு நாளா பார்த்துக்கினுதான் கீறேன்.”

அலுவலகத்தில் இந்த வீட்டுப் பேச்சை அவள் பேசியதே இல்லை. இன்றைக்கு அவளை அறியாமலே வந்துகொண்டிருந்தது. திரும்பி உட்கார்ந்து, உலை அறைக் கணினியிலிருந்து அந்தப் புரோகிராமை எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் திரையை அப்படியே தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். கைப்பையிலிருந்து மன்னிப்புக் கடிதத்தை எடுத்து அன்புராஜுக்கு முன்னால் வைத்தாள்.

“உங்க தம்பி எழுதினது மாமா. பேரு போடற எடத்தைக் காலியா உட்டிருக்காரு.”

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. மாமியார். அதற்குள் வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. எடுத்தால் ஈஸ்வரி என்ன சொல்லுவாள் என்று ஜோதிக்குத் தெரியும். ரெண்டும் என் புள்ளைங்க, உன் காலைப் புடிச்சுக்கறேன் என்பாள். எடுக்காமல் நடந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் மோனிகா அதே பெஞ்சில் இருந்தாள். கூடை மடியிலேயே இருந்தது. இந்தப் பெஞ்சைத் தாண்டிப் போய்விட்டால் நாளைக்கு வேலை இருக்கும், வீடு இருக்கும், புருஷன் இருப்பான். ஒரே அடுப்பில் ஆக்கிச் சாப்பிட்டுக்கொண்டு எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். யேசுதாஸின் விரல் மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஜோதி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னா, தெரிஞ்சுச்சா?” என்றாள் மோனிகா, முகத்தைத் திருப்பாமல்.

“தெரிஞ்சுச்சுக்கா.”

“யாரு?”

போன் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. ஜோதி அதைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

“என் ஊட்டுக்காரரு.”

மோனிகா மெதுவாகத் திரும்பினாள். ஜோதியின் நெற்றியை, தாலிக்கயிற்றை, மடியில் அதிர்ந்துகொண்டிருந்த போனை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காலையில் இருந்த வெறுப்பு அவள் முகத்தில் இல்லை. அதைவிடக் கஷ்டமான ஒன்று இருந்தது.

“இத்த என்கிட்ட சொல்லிட்டே” என்றாள். “போலீசு ஸ்டேசன்ல வந்து சொல்லுவியா?”